சுவரின் விளிம்பிலிருந்து நீளும் கை

வளைந்து எழும் ஒரு சுவர். அடியில் சாய்வாகத் தொடங்கி, மேலே செல்லச் செல்லச் செங்குத்தாகி, ஏறக்குறைய 15 அடி உயரத்தில் முடிகிறது. பற்றிக்கொள்ளக் கயிறில்லை; கால் ஊன்றப் படியில்லை. முன்னர் ஏறியவர்களின் உடையிலிருந்து வழிந்த சேறு அதன்மேல் பூசிக் கிடக்கிறது. தொலைவிலிருந்து ஓடிவரும் ஒருவர் அந்த வேகத்திலேயே நான்கைந்து அடிகளைச் சுவரின்மீது எடுத்து வைக்கிறார். வேகம் தீர்ந்துபோகிறது. இனி அவர் வழுக்கிக் கீழே வந்தாக வேண்டும். அந்தக் கணத்தில் மேல் விளிம்பிலிருந்து இரண்டு கைகள் நீண்டு அவருடைய மணிக்கட்டுகளைப் பற்றுகின்றன. இழுத்து மேலே சேர்க்கின்றன. எழுந்து அமர்ந்து நன்றி சொல்லத் திரும்பினால், அந்தக் கைகளுக்கு உரியவர் யாரென்றே அவருக்குத் தெரியவில்லை. முகம் முழுவதும் சேறு. அவரோ அடுத்து ஓடிவருபவருக்காக ஏற்கெனவே குனிந்துவிட்டார்.

'டஃப் மடர்' எனப்படும் சேற்றுத் தடை ஓட்டத்தில், 'எவரெஸ்ட்' என்று பெயரிடப்பட்ட தடையில், நாள் முழுவதும் காணக்கூடிய காட்சி இது. பொழுதுபோக்கு என்று கடந்துவிடத் தக்கதாகத் தோன்றினாலும், அறவியல் நின்று ஆராய வேண்டிய ஒரு வினா இதற்குள் இருக்கிறது. மேலே சென்றுவிட்ட ஒருவர், மேற்கொண்டு செல்ல வழி திறந்திருக்கும்போது, எதற்காகத் திரும்பி அமர்கிறார்? கீழே நிற்பவர் அவருக்கு உறவினர் அல்லர். பலமுறை அவருடைய குழுவைச் சேர்ந்தவர்கூட அல்லர். உதவாமல் சென்றுவிட்டாலும் குறை கூறுவார் எவருமில்லை. மனிதனின் இயல்பான அன்பு அது என்று உடனே விடை கூறிவிடலாம். ஆனால் அதே மனிதர் மறுநாள் காலை ரயில் நிலையப் படிக்கட்டில், பெட்டியைத் தூக்க இயலாமல் திணறும் முதியவர் ஒருவரைக் கடந்து விரைந்து செல்லக்கூடியவர்தாம். எனவே விடை அவ்வளவு எளிதன்று.

இந்த ஓட்டங்களின் வரலாறு நீண்டதன்று. இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகருக்கு அருகிலுள்ள பெர்ட்டனில், ஒரு பண்ணை நிலத்தில், 1987-இல் 'டஃப் கய்' என்ற பெயரில் இத்தகைய ஓட்டம் தொடங்கப்பட்டது. உறையும் குளிரில், சேற்றுக் குட்டைகளிலும் முள்கம்பிகளுக்கு அடியிலும் மனிதர்கள் தாமாக விரும்பித் தவழ்ந்தார்கள். 2010-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஒரு பனிச்சறுக்கு மைதானத்தில், இரண்டு ஆங்கிலேயர்கள் 'டஃப் மடர்' ஓட்டத்தைத் தொடங்கினர். தொடக்க ஆண்டுகளில் அதன் தூரம் 16 முதல் 19 கிலோமீட்டர் வரை இருந்தது. பனிக்கட்டி நிரம்பிய தொட்டியில் மூழ்கி எழுவது, மின்சாரம் பாயும் கம்பிகள் தொங்கும் பந்தலுக்குள் ஓடுவது, உயர்ந்த மரச் சுவர்களைத் தாண்டுவது என்று அதன் தடைகள் அமைந்தன. அதே ஆண்டில் தொடங்கிய 'ஸ்பார்ட்டன் ரேஸ்' நிறுவனம் 2020-இல் இதனை வாங்கிக்கொண்டது. இந்தியாவிலும் 2012 முதல் 'டெவில்ஸ் சர்க்யூட்' என்ற பெயரில் 5 கிலோமீட்டர் தூரத்தில் 15 தடைகள் கொண்ட ஓட்டம் பெருநகரங்களில் நடந்து வந்திருக்கிறது. பங்கேற்பவர்களில் பெரும்பாலோர் விளையாட்டு வீரர்கள் அல்லர். வாரம் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து கணினியின்முன் பணிபுரிபவர்கள். அலுவலகத் தோழர்கள் ஒரு குழுவாக ஒரே நிறச் சட்டையணிந்து வருகிறார்கள். ஒரு மணி நேரத்தில் சட்டைகளின் நிறம் தெரியாமல் போய்விடுகிறது.

தேவையில்லாத தடைகளைத் தானே விரும்பி ஏற்றுக்கொண்டு, அவற்றைக் கடக்க முயல்வதுதான் விளையாட்டு என்று, கனடாவில் பணியாற்றிய தத்துவ அறிஞர் பெர்னார்ட் சூட்ஸ் 1978-இல் வெளிவந்த 'வெட்டுக்கிளி' என்ற தமது நூலில் விளக்கினார். குழியில் பந்தை இடுவதுதான் நோக்கமென்றால் அதைக் கையால் எடுத்துச் சென்று போட்டுவிடலாம். நீண்ட கோலால் அடித்தே போட வேண்டும் என்ற விதிதான் அதை விளையாட்டாக்குகிறது. சேற்று ஓட்டம் இந்த இலக்கணத்துக்கு அப்பட்டமான எடுத்துக்காட்டு. சுவரைச் சுற்றிக்கொண்டு நடந்தால் மறுபக்கம் போய்விடலாம். அவ்வாறு போவதற்கு அனுமதியும் உண்டு, தண்டனை இல்லை. ஆயினும் ஏறுகிறார்கள். சூட்ஸ் கூறிய தடைகளோ பெரும்பாலும் ஒரு தனிமனிதரின் திறமையை அளப்பவை. 'எவரெஸ்ட்' சுவரைத் தனியே ஏறிவிடுபவர்கள் சிலரே. பின்னாளில் சேர்க்கப்பட்ட 'பிரமிட்' என்னும் சாய்சுவரில் ஒருவர் தோள்மேல் ஒருவர் நின்றாலொழிய ஏறவே இயலாது. மற்றொருவர் இல்லாமல் முடியாது என்ற நிலையையே இங்கு விளையாட்டின் விதியாக்கியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் செய்திருக்கிறார்கள். கடிகாரத்தை எடுத்துவிட்டார்கள். 'டஃப் மடர்' ஓட்டத்தின் மூல வடிவில் நேரம் குறிக்கப்படுவதில்லை. முதலிடம், இரண்டாமிடம் இல்லை. புறப்படும் முன் அனைவரும் கூடி ஓர் உறுதிமொழி கூறுவார்கள். இது பந்தயமன்று, தோழமையே முதலில், தன் வேகம் பின்னர், உடன் வருபவர் முடிக்கத் துணைநிற்பேன், முணுமுணுக்க மாட்டேன் என்பன அதன் கருத்துகள். 'ஸ்பார்ட்டன்' ஓட்டத்தின் வழி வேறு. அங்கு நேரம் குறிக்கப்படும். முதன்மைப் பிரிவில் போட்டியிடுபவர் பிறர் உதவியைப் பெறலாகாது. ஒரு தடையில் தவறியவருக்கு 30 முறை கீழே படுத்து எழுந்து குதிக்கும் பயிற்சி தண்டனையாக விதிக்கப்பட்டு வந்தது. அதிலும் ஒரு நேர்மை இருக்கிறது. தன் வலிமையின் எல்லையை ஒருவன் ஐயத்துக்கிடமின்றி அறிந்துகொள்கிறான். எனினும் அந்தப் பிரிவில் சுவரின் விளிம்பில் அமர்ந்து கைநீட்டும் மனிதரைப் பார்க்க முடியாது.

கடிகாரத்துக்கும் கருணைக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஓர் ஆய்வு உளவியல் மாணவர்கள் அனைவருக்கும் தெரிந்தது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரைக் கொண்டு ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் நடத்தியது, 1973-இல் வெளிவந்தது. மாணவர்கள் ஒவ்வொருவரும் பக்கத்துக் கட்டடத்துக்குச் சென்று ஒரு சிற்றுரை ஆற்ற வேண்டும். சிலருக்குக் கொடுக்கப்பட்ட பொருள், வழியில் அடிபட்டுக் கிடந்த அயலானுக்கு உதவிய நல்ல சமாரியனைப் பற்றிய ஏசுவின் உவமைக் கதை. செல்லும் வழியில் ஒரு மனிதர் வாயிற்படியில் தலைகுனிந்து, இருமிக்கொண்டு, முனகியபடி சரிந்து கிடந்தார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்தவர். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினர். நேரத்துக்குச் சென்றால் சரி என்று அனுப்பப்பட்டவர்களில் 45 விழுக்காடு. ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காடு மட்டுமே. நல்ல சமாரியனைப் பற்றிப் பேசச் சென்றவர்களுக்கும் வேறு பொருள் பற்றிப் பேசச் சென்றவர்களுக்கும் இதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கருணையைப் பற்றிய உரைக்காக விரைந்தவர்களில் சிலர், கீழே கிடந்தவரைத் தாண்டிக்கொண்டே சென்றார்கள்.

சத்சங்கத்துக்கு நேரமாகிவிட்டது என்று விரைந்த அனுபவம் உள்ள எவரும் இந்த மாணவர்களைப் பார்த்துச் சிரிக்க இயலாது. அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். நிற்காமல் சென்றவர்கள் பலர் மறுகட்டடத்துக்குப் பதற்றத்தோடு வந்து சேர்ந்ததாக ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். அங்கே தமக்காக ஒருவர் காத்திருக்கிறார். இங்கே ஒருவர் கிடக்கிறார். இரண்டு கடமைகளுக்கு நடுவே அகப்பட்டு, கடிகாரம் எந்தப் பக்கம் தள்ளியதோ அந்தப் பக்கம் போனார்கள். சுவரின்மேல் அமர்ந்திருப்பவர் இவர்களைவிட உயர்ந்த மனிதர் என்று கூறச் சான்றில்லை. அவருடைய தோளின்மேல் ஏறியிருந்த கடிகாரத்தை யாரோ இறக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அப்படியானால் அவருடைய நற்செயலுக்கு மதிப்பில்லையா என்று கேட்கலாம். மதிப்பு உண்டு. அதோடு, ஓட்டத்தை அமைத்தபோது நேரத்தைக் குறிப்பதில்லை என்று முடிவு செய்தவரின் செயலும் ஓர் அறச்செயல் என்பதை ஏற்க வேண்டும். ஒரு குடும்பத் தலைவர், ஒரு பள்ளியின் தலைமையாசிரியர், ஒரு மருத்துவமனையின் நிர்வாகி ஆகியோர், தம் கீழ் உள்ளவர்களிடம் அன்பில்லை என்று வருந்துவதற்கு முன், அவர்கள் தோளில் தாம் ஏற்றியிருக்கும் கடிகாரங்களை எண்ணிப் பார்க்கலாம்.

உதவி செய்வதைப் பற்றியே இதுவரை கூறப்பட்டது. ஆனால் சேற்றில் இறங்கியவர்களுக்குக் கடினமாக இருப்பது பெரும்பாலும் அதுவன்று, உதவியைப் பெற்றுக்கொள்வதுதான்.

இந்திய மண்ணில் இதற்குத் தனியான ஒரு கூர்மை உண்டு. கால் ஒரு புத்தகத்தின்மேல் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மக்கள் இங்கு வாழ்கிறார்கள். நெரிசலான பேருந்தில் அயலார்மேல் கால் பட்டுவிட்டால், எண்ணிப் பார்க்கும் முன்பே கை நீண்டு அவரைத் தொட்டு நெஞ்சுக்குச் செல்கிறது. அப்படிப்பட்டவர் மரச் சுவரின் முன்னே வந்து நிற்கிறார். தோழர் ஒருவர் முழங்காலை மடித்து, கைகளைக் கோத்து, "காலை வையுங்கள்" என்கிறார். சேறு அப்பிய காலணியை முதலில் அவர் கைமேல், பிறகு தொடைமேல், பிறகு தோள்மேல் வைக்க வேண்டும். சில வேளைகளில் தலைமேலும் வைக்க நேரிடும். சுவரைக் கண்டு அஞ்சாத கால் அங்கே தயங்குகிறது. தயங்குவது நற்பண்பின் காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தத் தயக்கம் எல்லாரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதுதான் கவனிக்கத் தக்கது. அலுவலகத்தில் மேலதிகாரியாக இருப்பவர் இளநிலை ஊழியரின் தோளில் கால் வைக்கும்போது தயக்கம் குறைவாகவும், ஊழியர் அதிகாரியின் தோளில் வைக்கும்போது மிகுதியாகவும் இருக்குமானால், அது வெறும் பணிவன்று. யார் தோளில் யார் கால் படலாம் என்ற பழைய கணக்கு, சேற்றிலும் கரையாமல் உள்ளே கிடக்கிறது என்றே பொருள். அதிகாரி தாமே முந்திக் குனிந்து தோளைக் கொடுக்கும் குழுக்களும் உண்டு. அவரது தோளில் ஏறிச் சென்றவர் திங்கட்கிழமை அவர் அறைக்குள் நுழையும்போது பழைய அச்சத்தோடு நுழைய மாட்டார். அந்த அச்சத்தை இழக்க அதிகாரி ஆயத்தமாக இருந்தாரா என்பது அன்றுதான் தெரியும்.

உடல் பருத்தவர்களின் தயக்கம் வேறு வகை. தம்மைத் தூக்க நான்கு பேர் தேவைப்படும், அவர்கள் முகம் சுளிக்கலாம், எடையின் உண்மை அவர்கள் கைகளுக்குத் தெரிந்துவிடும் என்ற கூச்சத்தால், "நீங்கள் ஏறுங்கள், நான் சுற்றி வந்துவிடுகிறேன்" என்று விலகிவிடுகிறார்கள். கேட்பதற்கு அது பிறருக்குச் சிரமம் தரக்கூடாது என்ற நல்லெண்ணமாகவே தோன்றும். ஓரளவு அது உண்மையும்கூட. ஆனால் தன் முழு எடையையும் பிறர் கையில் ஒப்படைக்க மறுப்பதில் அகங்காரத்தின் மிக மெல்லிய வடிவம் ஒன்று ஒளிந்துகொள்ள முடியும். கொடுப்பவனாக மட்டுமே இருப்பேன், பெறுபவனாக ஒருபோதும் இரேன் என்பவன், தானம் செய்வதாக எண்ணிக்கொண்டு தன்னை எல்லாருக்கும் மேலே வைத்துக்கொள்கிறான். நோயுற்ற முதியவர்களைப் பராமரிப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள்: வாழ்நாள் முழுவதும் பிறருக்கு உதவிய மனிதர்கள்தாம், ஒரு குவளை நீரைப் பிறர் கையால் பருக நேரும்போது அதிகம் துன்புறுகிறார்கள்.

கொடுப்பவனின் அகங்காரத்துக்கு இந்த ஓட்டத்தில் எளிய மருந்து ஒன்று இருக்கிறது: சேறு. யார் இழுத்தார் என்பதை அது மறைத்துவிடுகிறது. நிறுவனங்கள் இப்போது தடைதோறும் புகைப்படக்காரர்களை நிறுத்தி வைக்கின்றன. மருந்தின் வீரியம் சற்றுக் குறைந்திருக்கும்.

இவ்வளவையும் கூறிய பின், எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். இது பணம் கொடுத்து வாங்கிய சேறு. முடிவில் குளிப்பதற்குக் குழாய் நீரும், தலையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டையும், மேல்நாடுகளில் ஒரு குவளை பீரும் காத்திருக்கின்றன. எந்தக் கணத்திலும் வெளியேறலாம். இத்தகைய துன்பத்தில் தோன்றும் தோழமையும் வாடகைத் தோழமைதானே? அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், போருக்கு அறவழியிலான மாற்று எது என்பதைப் பற்றி 1910-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் இதற்கு நெருங்கிய சிக்கலை எடுத்துக்கொண்டார். போர் கொடியது, ஆனால் போர் வளர்க்கும் துணிவும் கட்டுப்பாடும் உடன்பிறப்புணர்வும் மனிதகுலத்துக்குத் தேவை. ஆகவே இளைஞர்களைச் சுரங்கங்களுக்கும், குளிர்காலக் கடலில் மீன்பிடிப் படகுகளுக்கும், சாலை அமைக்கும் பணிக்கும், பாத்திரம் கழுவும் வேலைக்கும் அனுப்புங்கள் என்றார் அவர். செல்வர் வீட்டுப் பிள்ளைகள், பிறருடைய எந்த உழைப்பின்மேல் தாம் அமர்ந்திருக்கிறோம் என்பதை உடலால் அறியட்டும் என்பது அவர் எண்ணம். அவர் கேட்டது பயனுள்ள சேறு. பிரான்சில் தடைப் பயிற்சியை ஒரு முறையாக வளர்த்த கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேரும், பிறருக்குப் பயன்படுவதற்காகவே ஒருவன் வலிமை பெற வேண்டும் என்பதைத் தம் கொள்கையாக வைத்திருந்தார். இந்த இரு அளவுகோல்களாலும் பார்த்தால், வார இறுதிச் சேற்று ஓட்டம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. வலிமை வருகிறது, தோழமையும் வருகிறது. அவை போய்ச் சேரும் இடம்தான் குறிக்கப்படவில்லை.

விரும்பி இறங்காத சேற்றில் என்ன நடக்கிறது? இந்திய நகரங்களில் பாதாளச் சாக்கடைக்குள் மனிதர் இறங்கித் தூய்மை செய்யும் கொடுமையைத் தடுக்க 2013-இல் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாறு இறந்தோரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2014-இலும், அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தி 2023-இலும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் சாவுகள் நின்றுவிடவில்லை. அந்தச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு விவரம் உண்டு. முதலில் இறங்கியவர் நச்சு வாயுவால் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குகிறார், அவரும் மீளவில்லை. சில நேரங்களில் மூன்றாமவரும் இறங்குகிறார். அவர்களிடம் உறுதிமொழி வாங்கியவர் எவருமில்லை. சுவரின் விளிம்பிலிருந்து நீளும் கையை இயக்கும் அதே உணர்வுதான் அவர்களையும் இயக்கியது. தூய்மையில் அது இன்னும் உயர்ந்தது. ஆனால் சுவரின்மேல் அமர்ந்திருப்பவருக்கு உறுதியான தரை இருக்கிறது. சாக்கடைக்குள் இறங்கியவருக்கு அது இல்லை. உயிர்க்காற்றுக் கருவியும், கயிறும், அதற்கும் முன்னால் மனிதனை உள்ளே இறக்காத இயந்திரமும் இருக்க வேண்டிய இடத்தில், உடன் உழைப்பவனின் நல்லுள்ளம் மட்டுமே வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தியாகம் என்று போற்றுவதோடு நிறுத்திக்கொள்ளும் சமூகம், தன் கடமையை அந்த நல்லுள்ளத்தின் தலையில் கட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறது.

பணம் கொடுத்து வாங்கிய சேற்றிலும் இந்த உண்மை மாறுவதில்லை. 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் நடந்த 'டஃப் மடர்' நிகழ்ச்சியில், உயரமான மேடையிலிருந்து கலங்கிய நீரில் குதித்த 28 வயது இளைஞர் ஒருவர் மூழ்கினார், மறுநாள் உயிரிழந்தார். அவருடன் வந்த குழுவினர் அங்கேயே இருந்தார்கள். அவர்கள் அன்பில் குறையில்லை. ஆனால் சேற்று நீரின் அடியில் இருப்பவரைக் கண்டுபிடிக்க அன்பு போதாது. எனவே தோழமையைப் பற்றிப் பெருமிதத்தோடு பேசும் எவரும், தோழமை எங்கே முடிந்து அமைப்பாளரின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதையும் பேசியாக வேண்டும்.

சாதகர்களுக்கு மற்றொரு வினா எஞ்சியிருக்கும். தன்னைத் தானே உயர்த்திக்கொள்ள வேண்டும் என்பதல்லவா கீதையின் ஆறாம் அத்தியாயம் காட்டும் வழி? தோளும் கையும் தேடுவது அதற்கு மாறாகாதா? சுவரையே மீண்டும் பார்க்கலாம். கீழே சும்மா நிற்பவரை மேலிருக்கும் எவராலும் தூக்க முடியாது. கை அவ்வளவு தூரம் எட்டாது. அவர் ஓடிவர வேண்டும், வழுக்கும் பரப்பில் நான்கடி ஏற வேண்டும், கையை உயர்த்த வேண்டும். அந்த நான்கடிக்கு மாற்று எதுவுமில்லை. அதற்கு மேல் உள்ள இரண்டு முழ இடைவெளியைத் தன் முயற்சியால் மட்டும் கடந்தேன் என்று கூறுபவர், மறந்துவிட்ட ஒருவராக இருக்கக்கூடும்.

மகாபாரதத்தின் இறுதிப் பகுதி இந்த வினாவை இன்னும் கடுமையாக எழுப்புகிறது. இமயத்தின் பாதையில் திரௌபதி முதலாக ஒவ்வொருவராக வீழ்கிறார்கள். தருமபுத்திரர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் எந்தக் குறையால் வீழ்ந்தனர் என்று பீமனுக்கு விளக்கிவிட்டு நடந்துகொண்டே இருக்கிறார். படிப்பவர் நெஞ்சில் அது முள்ளாகத் தைக்கும். ஆனால் காவியம் அங்கே முடிவதில்லை. தன்னை நம்பி வந்த நாயை விட்டுத் தேரில் ஏற மறுக்கிறார் அவர். பின்னர் நரகத்தின் இருளில், அவர் அருகில் இருப்பதே ஆறுதலாக இருக்கிறது என்று கெஞ்சும் குரல்கள் தம்மவர்களுடையவை என்று அறிந்ததும், சுவர்க்கம் வேண்டாம், இங்கேயே இருப்பேன் என்று நின்றுவிடுகிறார். பாதையில் திரும்பாத மனிதர் முடிவில் திரும்பினார். இவற்றுள் எது தருமம் என்று பழைய உரையாசிரியர்கள் தொடங்கி இன்றுவரை விவாதம் நடக்கிறது. முதலாவது பற்றற்ற நிலை என்றும், இரண்டாவது கருணை என்றும் பிரித்துவிடுவது எளிது. பற்றில்லாமல் நடந்து சென்ற அந்த மனிதரால் மட்டுமே, எந்தக் கைம்மாறும் கருதாமல் நரகத்தில் நிற்க முடிந்தது என்று பார்ப்பதே காவியத்தின் போக்குக்குப் பொருந்துவதாகத் தோன்றுகிறது.

சுவர் ஏறும் குழுக்களுக்குத் தெரிந்த ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. இராணுவப் பயிற்சித் திடல்களிலும் அது பழையது. கடைசி ஆளின் சிக்கல். தோள் கொடுத்து எல்லாரையும் ஏற்றிவிட்டவருக்குத் தோள் கொடுக்கக் கீழே எவரும் இல்லை. அதனால் அனுபவமுள்ள குழுக்கள் வலிமை மிக்க ஒருவரை முதலில் ஏற்றி, அதே அளவு வலிமையுள்ள மற்றொருவரைக் கடைசியில் நிறுத்துகின்றன. மேலிருப்பவர்களில் இருவர் ஒருவரின் கால்களை இறுகப் பிடித்துக்கொள்ள, அவர் தலைகீழாகத் தொங்கிக் கைகளை நீட்டுகிறார். கடைசி ஆள் பின்னால் சென்று, ஓடிவந்து தாவுகிறார். விரல்கள் தொடுகின்றன, சேற்றில் வழுக்குகின்றன. மீண்டும் தாவுகிறார். நாளெல்லாம் பிறரைத் தூக்கிய தோள்களில் இப்போது வலுவில்லை. மேலே பேச்சு நின்றுவிடுகிறது. மூன்றாம் முறையும் வழுக்கினால், ஏறி முடித்தவர்களில் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் கீழே குதித்து அவருக்குத் தோள் கொடுப்பதும் உண்டு. இப்போது கடைசி ஆள் அவர்.